அன்று சந்திரன் யார் வீட்டில் இருந்தான்

ஜனவரி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் பேரப்பிள்ளைகள் செய்தி, பிறகுதான் என் முழங்கால்.

பெரியவன் வங்கிக் கிளைக்கே மேனேஜர் ஆகிவிட்டான். தனிக் கண்ணாடி அறை, வாசலில் பெயர்ப் பலகை. அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்குத் தலை முழுக்க நரையாம். இவனுக்கு மீசையே இப்போதுதான் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது. மூன்று அறை வைத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டான். நீ அதே ஊரில் இருப்பதால் பார்த்திருப்பாய். அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைவி. பெரிய பெரிய டாக்டர்களே அவளிடம் வந்து படத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இங்கே என் மகனுடைய இரட்டைகளில் மூத்தது கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். இளையது நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறாள். கோப்பையை டிவிக்கு முன்னால் வைத்திருக்கிறோம். படம் பாதி மறைகிறது. யாரும் குறை சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் வயிற்று வழியில் இப்படியெல்லாம் வந்திருக்கிறது என்று நினைத்தால் சந்தோஷத்தில் சில நாள் சாப்பாடே இறங்குவதில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். இப்போது என்னைக் கண்டால் சிலர் படியில் ஏறுகிறார்கள்.

வலது முழங்கால் மட்டும் இந்த வீட்டில் யார் பேச்சையும் கேட்பதில்லை. உன் காது எப்படி இருக்கிறது? போனில் நான் கத்த, நீ "என்ன, என்ன" என்று திருப்பிக் கத்த, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று கதவைத் தட்டியது நினைவிருக்கிறதா? நமக்குத் தபால்தான் மரியாதை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு அனுதாபம், கோப்பைக்கு வாழ்த்து. என் காது அப்படியேதான் இருக்கிறது. இத்தனை வருஷம் ஓவர்லாக் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இந்த அளவு கேட்பதே பெரிது.

உன் கடிதத்தை வாலுவுக்கு வாசித்துக் காட்டினேன். நர்ஸ் உடுப்புகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் மேனேஜரா!" என்று ஊசியோடு கைதட்டிக் குத்திக்கொண்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "வேற ஒண்ணும் எழுதலையா பாட்டி?" என்றாள். முழங்கால் வலியாம் என்றேன். "வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க" என்று அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டாள்.

அக்கா, உன் மகள் கண் மூடிய பிறகு அவள் பிள்ளைகள் பெரியவனையும் இவளையும் உன் மடியில் போட்டு வளர்த்தாய். ஒரு மடிதான். வாலு கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றாள், அந்த ஆள் நழுவிவிட்டான், எல்லாம் உண்மை. அங்கே நீ எல்லாரிடமும் இவள் வெளியூரில் மேல்படிப்பு படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். சண்டைக்கு எழுதவில்லை. ஒரு காரியத்துக்கு எழுதுகிறேன்.

அவள் பொடியன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கீழே என் தையல்கடை, மேலே ஒற்றை அறை. எங்கு பார்த்தாலும் துணித்தூசி. அவனுக்கு மூச்சு இழுக்கிறது. குழந்தை டாக்டர், "இந்தப் பஞ்சுத் தூசியில வச்சிருந்தா மருந்து எதுக்கு?" என்று கேட்டார். இதைக் கேள்விப்பட்டு பெரியவனே கடைக்கு வந்தான். பொடியன் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு, "மூணாவது ரூம் சும்மாத்தான் கிடக்கு, அங்க வந்துடு" என்று வாலுவிடம் சொன்னான். அவன் பெண்டாட்டியும் சரி என்றுவிட்டாளாம். மார்ச் கடைசியில் போகலாம் என்று பேச்சு.

நீ அவர்களுக்கு நாலு வரி எழுது. உனக்கும் இது சந்தோஷம் என்று ஒரு வார்த்தை. அந்த வீட்டில் இவளுக்கு அது போதும்.

தங்கச்சி


பிப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. மேல்தொட்டி உடைந்து இரண்டு நாள் தண்ணீர் இல்லை. மகனுக்குச் சளி. முழங்காலுக்கு வாலு சொன்ன வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் பரவாயில்லை. யார் சொன்னார்கள் என்று கேட்டவர்களிடம் டாக்டர் என்று சொன்னேன்.

போன திங்கட்கிழமை மருந்துக்கடை மாடியில் இருக்கும் கோயிலுக்குப் போனேன். பெரியவன் மாமியாரும் கூட வந்தார்கள். அவர்கள் இதே கட்டடத்தில் ஆறாவது மாடி என்பது உனக்குத் தெரியும். தன் பெண் வீட்டுக்கு வாலுவும் குழந்தையும் வரப்போகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். இங்கே தெரிந்த ஒரே ஆள் அவர்கள்தான். "புது வீட்டுக்கு வருது குழந்தை, சந்திரனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுவோம் சம்பந்தி. மூச்சுக்கோளாறுக்கு, மனசுக்கு, தாய்க்கு எல்லாம் அவர்தான்" என்றார்கள். நல்ல மனசு. மறுக்க முடியுமா?

ஒன்பது கிரகங்களில் சந்திரனுக்கு மட்டும் அன்று பால் அபிஷேகம், வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ. அவர் தேரில் பத்துக் குதிரை பூட்டியிருக்கிறது. கல்லில் செதுக்கியவன் இடம் போதாமல் குதிரைகளை நாய்க்குட்டி அளவுக்குச் செய்துவிட்டான். குருக்கள் பால் ஊற்றிக்கொண்டே கதை சொன்னார். உனக்குத் தெரிந்த கதைதான். தட்சன் தன் பெண்கள் இருபத்தேழு பேரையும் சந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்தப் பெண்கள்தான் நட்சத்திரங்கள். சந்திரனோ ரோகிணி வீடே கதி என்று கிடந்தான். மற்றவர்கள் அப்பாவிடம் அழுதார்கள். "தேய்ந்து போ" என்று தட்சன் சபித்தான். சிவன் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டதால் முழுக்கத் தேயாமல் பிழைத்தான். அன்றிலிருந்து ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு நாள் என்று முறை வைத்துப் போகிறான். "நாம பொறந்த அன்னிக்கு அவன் யார் வீட்டுல இருந்தானோ, அதுதான் நம்ம நட்சத்திரம்" என்று குருக்கள் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரவர் பெயரும் நட்சத்திரமும் சொன்னார்கள். நான் பெரியவனுக்கு உத்திரம், இரட்டைகளுக்குச் சித்திரை என்று தங்குதடை இல்லாமல் சொன்னேன்.

குழந்தைக்கும் சேர்த்து அர்ச்சனை ஆயிற்று. அக்காவுக்கு மனசில்லை என்று இனி நீ சொல்ல முடியாது.

பெரியவனுக்கு எழுத வேண்டும். எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது சம்பந்தியம்மா லிஃப்டில் ஒன்றும் பேசவில்லை. அவர்களுக்கும் கால்வலியோ என்னவோ.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாலு தானே வாங்கி வாசித்தாள். குழந்தைக்கும் அர்ச்சனை என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு எழுந்து மாடிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "தூசி" என்றாள். தூசிக்கும் பயன் இருக்கிறது.

இங்கே ஒரே ஆரவாரம். அண்ணன் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டாள். அண்ணிக்கு ஒரு சட்டை தைத்துக் கழுத்துப் பட்டையைப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்கிறாள். "நீ போறது உங்க அண்ணன் வீடா, பரீட்சையா?" என்றேன். "ரெண்டும்தான் சின்னப் பாட்டி" என்கிறாள். பொடியன் துணி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து எங்களை வேலை வாங்குகிறான்.

ஒன்று கேட்கிறேன். குழந்தைக்கு என்ன நட்சத்திரம் சொன்னாய்? அவன் பிறந்தபோது உனக்கு எழுதினேன். பதிலில் நீ மழையைப் பற்றி எழுதினாய். எந்த நாள், எந்த நேரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயாகக் கேட்டால் சொல்லலாம் என்று நானும் இருந்துவிட்டேன். வாலு கேட்கச் சொன்னாள். "பாட்டி கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருப்பாங்க" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பெரியவனுக்கு எழுதிவிட்டாயா? முழங்கால் தேவலையா?

தங்கச்சி


மார்ச் 30

அக்காவுக்கு,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இதற்காவது எழுது.

சனிக்கிழமை வண்டி பிடித்துக்கொண்டு போனோம். மூட்டைகளோடு நான் கீழே நின்றேன். வாலு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். திரையை மட்டும் கையில் எடுத்துப் போனாள், முதலில் அதை மாட்ட வேண்டும் என்று. கொஞ்ச நேரத்தில் திரையோடு இறங்கி வந்தாள். "வண்டிய அனுப்பிடாதீங்க, திரும்பிப் போறோம்" என்றாள். வழியெல்லாம் கேட்டேன், காது கேட்காதவள் போல வந்தாள். இந்த வித்தையை என்னிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

மறுநாள் பெரியவன் கடைக்கு வந்தான். தைக்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து மேனேஜர் அழுதான். அவன் மாமியார் அங்கிருந்து போன் பண்ணியிருக்கிறார்கள். குழந்தை ரோகிணியாம். ரோகிணியில் ஆண்பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, உயிருக்கே ஆபத்து, ஒரே கூரைக்குக் கீழே வைக்காதே என்று பெண்ணிடம் அழுதிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவள்தான். ஆனாலும் புருஷன் உயிர் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரோகிணின்னு யார்டா சொன்னா?" என்றேன்.

"பாட்டியே சொன்னாங்களாம். கோயில்ல, எல்லார் முன்னாடியும். அத்தை பக்கத்துலயே நின்னாங்களாம்."

"வாலு என்ன சொன்னா?"

"அவளும் ஒத்துக்கிட்டா சின்னப் பாட்டி. நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா, நீ சொன்னாயா? ஒரே வார்த்தை எழுது.

தங்கச்சி


ஏப்ரல் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ ஒரு வார்த்தை கேட்டாய். எனக்கு அந்த ஒரு வார்த்தை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. ஆமாம்.

நடந்ததைக் கேள். எல்லாருடைய நட்சத்திரமும் மளமளவென்று சொல்லி வந்தேன். வரிசையில் நின்றவர்கள் "இந்த வயசுல என்ன ஞாபகம்" என்றார்கள். கடைசியில் சம்பந்தியம்மா, "குழந்தை நட்சத்திரம் சொல்லுங்க" என்றார்கள். குருக்கள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். எல்லாரும் பார்க்கிறார்கள். தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? அந்த நிமிஷம்தான் ரோகிணி கதை முடிந்திருந்தது. சந்திரனுக்குப் பிரியமானவள், நல்ல நட்சத்திரம் என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தாய்மாமன் விஷயம் உறைத்தது. சம்பந்தியம்மா முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குள் குருக்கள் அர்ச்சனையை ஆரம்பித்துவிட்டார். நடுவில் எப்படி நிறுத்துவது?

பிறகு பஞ்சாங்கம் பார்த்தேன். அன்று எனக்குச் சந்திராஷ்டமம். சந்திரன் நம் ராசிக்கு எட்டில் நிற்கிற நாளில் வாய் தவறும், காரியம் கெடும் என்று நம் அம்மா சொல்வாளே. எல்லாம் கிரகம். நாம் என்ன செய்ய முடியும்?

ஒன்று யோசித்தேன். வாலுவே ஒத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாய். ஒருவேளை உண்மையிலேயே ரோகிணிதானோ? அப்படி இருந்தால் என் பேரில் தவறு இல்லையே.

இல்லை என்றாலும் நீ பெரியவனிடம் எதுவும் சொல்லிவிடாதே. சொந்தக் கொள்ளுப்பேரன் நட்சத்திரம் தெரியாதவள் என்று சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் நான் எப்படி அந்த லிஃப்டில் ஏறி இறங்குவேன்? குழந்தைக்கு வேறு எங்காவது காற்றோட்டமாக இடம் பார். மருந்தை நிறுத்தாதே.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சந்திராஷ்டமம் மாதத்துக்கு இரண்டு நாள்தான். நீ இரண்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தாய். அதற்கு எந்தக் கிரகம்?

குழந்தை ரோகிணி இல்லை. என்ன நட்சத்திரம் என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. வாலுவுக்குத் தன் பெயர் போல அது தெரியும். பிரசவ அறையில் வலியோடு என்னிடம், "மணி பாத்து வைங்க, பாட்டி கேப்பாங்க" என்று சொன்னவள் அவள்.

பிறகு ஏன் ஒத்துக்கொண்டாள் என்று நானும் அவளை உலுக்கித்தான் கேட்டேன். இப்படித்தான் நடந்ததாம். அண்ணி வாசலில் நின்றுகொண்டு, "குழந்தை ரோகிணியாமே?" என்றிருக்கிறாள். இவள், "இல்ல அண்ணி" என்றாளாம். "அப்ப உங்க பாட்டி எங்க அம்மா முன்னாடி பொய் சொன்னாங்களா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். இவள், "பாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று திரும்பிவிட்டாள்.

"ஏண்டி?" என்றேன்.

"என்னால ஏற்கெனவே பாட்டிக்கு ஒரு தலைகுனிவு. இன்னொண்ணு வேணாம் சின்னப் பாட்டி."

பெரியவன் கடையில் அழுத அன்று நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாலு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள். விரல் எலும்பு நொறுங்கும்படி பிடித்தாள். அதனால்தான் உன்னிடம் கேட்டேன்.

இப்போது அண்ணன் கடைக்கு வந்தால் குழந்தையை மாடிக்குத் தூக்கிப் போய்விடுகிறாள், அவன் கண்ணில் படக்கூடாதாம். போன வாரம் மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைத்தார்கள். முகத்தில் மாட்டிய மூடியைப் பிய்த்துப் போட்டு அழுதான். அவள் பாடிக்கொண்டே திரும்ப மாட்டினாள். நீ பாடித் தூங்க வைக்கும் பாட்டு.

ஒருத்தி வீட்டிலேயே கிடந்ததற்குச் சந்திரன் தேய்ந்தான். ஒருத்தி வீட்டுப் பக்கமே போகாதவளுக்கு என்ன என்று உன் குருக்களிடம் கேட்டு எழுது.

தங்கச்சி


ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமா என்று கேட்கிற தகுதி எனக்கு உண்டா தெரியவில்லை. கேட்கிறேன். குழந்தைக்கு மூச்சு எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்த அன்று இரட்டைகளில் ஒருத்தி, "என்ன பாட்டி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இல்லை. அவள் என் கையைப் பார்த்துவிட்டுப் போனாள். பொய் எனக்கு அவ்வளவு கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மூன்று திங்கட்கிழமை கோயில் படி வரை போய்த் திரும்பினேன். முழங்கால் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். நாலாவது திங்கள் ஏறினேன். சம்பந்தியம்மா இருந்தார்கள். அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள், இளையவளின் நீச்சல் டீச்சர் உள்பட. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் போனேன். பொய்யை எல்லார் முன்னாலும் சொன்னவள் நான். உண்மைக்கு மட்டும் மூலை தேடுவதா என்று இருந்தது. குருக்கள் தட்டை எடுத்தபோது, "குழந்தைக்கு ரோகிணின்னு சொன்னேனே, அது பொய்" என்றேன். குரல் பெரிதாகவே வந்துவிட்டது.

"என்ன சம்பந்தி சொல்றீங்க?"

"குழந்தை நட்சத்திரம் எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"கொள்ளுப்பேரன் நட்சத்திரம் தெரியாதா? அவங்க சொல்லலையா?"

"நான் கேக்கல."

"சரி, பொறந்த தேதி சொல்லுங்கம்மா, நான் பாத்துச் சொல்றேன்" என்றார் குருக்கள். பாவம், என்னைக் காப்பாற்றப் பார்த்தார். எனக்குத் தேதியும் தெரியவில்லை. நீ எழுதிய கடிதம் மழைக்காலத்தில் வந்தது என்பது மட்டும் நினைவு. பின்னால் யாரோ சிரித்தார்கள். நீச்சல் டீச்சர், "மேல்படிப்புன்னு சொன்னீங்களே, அந்தப் பேத்தியோட குழந்தையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சம்பந்தியம்மா கூடையை எடுத்துக்கொண்டார்கள். "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? பேத்திய உள்ள விடணும்னு சொல்றீங்களோ என்னமோ. என் பொண்ணு தாலி விஷயம் இது" என்றார்கள். தப்பில்லை, தங்கச்சி. என் வார்த்தைக்கு இருந்த மதிப்பை நானே செலவழித்தாயிற்று. உண்மையைச் சொன்னால் உடனே கதவு திறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு படியேறியிருக்கிறேன். அதுவும் பெருமைதான்.

நவக்கிரகங்கள் ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பார்கள் அல்லவா? அன்று மனிதர்களும் அப்படியே நின்றார்கள். நான் சுற்றி வராமலே இறங்கிவிட்டேன்.

பெரியவனுக்கு எழுதிவிட்டேன். வாலு பொய் சொல்லவில்லை, பாட்டிதான் சொன்னாள், உன் தங்கை என் பொய்யை மறைக்கத் தன் பிள்ளை மேல் பழி விழ விட்டாள் என்று. எழுத்துப்பிழை நிறைய இருக்கும். திருத்தாமல் அனுப்பினேன்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பொடியனுக்குப் பரவாயில்லை. முழங்காலோடு அவ்வளவு படி ஏறியிருக்கிறாய். எண்ணெய் போட்டு நீவு.

பெரியவன் உன் கடிதத்தோடு வந்தான். வாலுவிடம் நீட்டினான். அவள் வாசித்துவிட்டு என்னைத்தான் முறைத்தாள், சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று. அவன், "ஏண்டி என்கிட்டகூடச் சொல்லல?" என்றான். "நீ கேட்டியா?" என்றாள். குடும்பமே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது போலிருக்கிறது.

நீ எதிர்பார்க்கிறது நடக்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு இன்னும் பயம் தெளியவில்லை. அவள் அம்மா தினமும் போன். "கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறாள். வாலுவும் இனி அந்த வாசல் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அறை பார்த்துக் குடிபோய்விட்டாள். இரண்டு பக்கமும் ஜன்னல், தூசி இல்லை. பகலில் ஒரு அம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். கட்டிலை பெரியவன் தன் தோளில் சுமந்து படியேற்றினான், வங்கிச் சட்டையும் டையுமாக. இறக்கி வைத்த பிறகு பொடியன் அவன் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பெரியவன் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு தூக்கிக்கொண்டான். வாலு சுவர்ப் பக்கம் திரும்பித் திரையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் அளவு வேறு. திரை கொஞ்சம் குட்டை.

அண்ணி வரவில்லை. ஒரு புதுப் போர்வை கொடுத்தனுப்பியிருந்தாள்.

நட்சத்திரத்தை இனியும் நான் சொல்லமாட்டேன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவளிடம் கேள். முகவரி இந்தக் கடிதத்தின் பின்பக்கம்.

தங்கச்சி


ஜூலை 6

அன்புள்ள வாலுவுக்கு,

பாட்டி எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது என்பது மேலே உன் பெயரை எழுதும்போதுதான் தெரிந்தது. நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நலமா? குழந்தை ராத்திரியில் இருமாமல் தூங்குகிறானா?

நேற்று லிஃப்டில் நாலாவது மாடி அம்மா, "உங்க பேத்தி படிப்பு முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். "அவ படிக்கப் போகல. தையல்கடையில வேலை செய்யறா. ஒரு பையன் இருக்கான்" என்றேன். அந்த லிஃப்ட் அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுத ஆசை, ஆனால் உனக்கு எழுதுகிற கடிதத்தில் பொய் வேண்டாம் என்றிருக்கிறேன். உன்னை நினைத்து வெட்கப்பட்டதில் பாதி போய்விட்டது. மீதி பழக்கம், போக நாளாகும். என்னை நினைத்து வரும் வெட்கம் அப்படியில்லை. அது காலையில் எழும்போதே பல் தேய்க்கிற இடத்தில் வந்து நின்றுகொள்கிறது.

வலி வந்த நேரத்தில் பாட்டி கேட்பாள் என்று மணி பார்க்கச் சொன்னாயாமே. நான் கேட்கவில்லை. அண்ணி வாசலில் உன்னைக் கேட்டபோது என்னைக் காப்பாற்றினாய். உன்னைவிட என் மானத்தைப் பெரிதாக நினைக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான். சின்ன வயதில் நீ கோப்பை உடைத்தால்கூட, பாத்திரம் போனது பற்றிப் பேசமாட்டேன், "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்பேன்.

என்னை மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. நீ எழுதக்கூடியவள், அதனால் சொல்கிறேன்.

குருக்கள் சொன்ன கதையில் சந்திரன் தேய்ந்ததை மட்டும்தான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வீடு விடாமல் போனானே, அதை யோசிக்கவில்லை. உன் பிள்ளை பிறந்த அன்றும் அவன் யாரோ ஒருத்தி வீட்டில் இருந்திருக்கிறான். யார் வீட்டில் என்று உனக்கு மனம் வரும்போது எழுது. எந்த வீடானாலும் எனக்குச் சம்மதம். இந்தத் தடவை நான் கேட்கிறேன்: எந்தத் தேதி, எத்தனை மணி, அழுதுகொண்டு வந்தானா, பேசாமல் வந்தானா, அப்போது உனக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

சின்னப் பாட்டி அவன் பிறந்தபோது ஒரு படம் அனுப்பினாள். அதை நான் எங்கே வைத்தேன் என்று கேட்காதே. அலமாரியில், பழைய துணிகளுக்கு அடியில், முகம் கீழே பார்க்க. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஈரம் ஏறி அவன் முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கறைதான் இருக்கிறது. பக்கத்தில் உன் கை மட்டும் தெரிகிறது.

அதனால் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு, கண்ணே. நீயும் அதில் இருக்க வேண்டும்.

பாட்டி